ஓசியில் ஒரு ஜோடிக் கண்

கம்பெனி ஓசியில் கண் ஆபரேஷன் செய்து தருகிறது என்று அறிவித்த அன்று, செக்கிங் டேபிளில் துளசிமணியைத் தவிர எல்லோரும் கை தட்டினார்கள். துளசிமணி கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, சொன்னவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். லேடீஸ் பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுத் தர மூன்று தீபாவளி எடுத்துக்கொண்ட கம்பெனி இது. டீயோடு கொடுத்துக்கொண்டிருந்த பன்னை நிறுத்திவிட்டு, மைதா உடம்புக்கு ஆகாது என்று நோட்டீஸ் ஒட்டிய கம்பெனி. அப்படிப்பட்டவர்கள் திடீரென்று அவளுடைய கண்ணுக்காகக் கவலைப்படுகிறார்கள் என்றால் அவள் கவலைப்படாமல் இருக்க முடியுமா?

சொன்னவர் தரம் பார்க்கும் க்யூ.சி. பிரிவின் மேனேஜர் வித்யாசாகர். சிரித்தால் சட்டைப் பையில் இருக்கும் பேனாவும் சேர்ந்து குலுங்கும் மனிதர்.

"கண்ணாடி போட்டிருக்கற செக்கிங் லேடீஸ் எல்லாருக்கும் லேசர். புது மாடல்மா. காலையில போனா மத்தியானம் வீட்டுக்கு வந்துடலாம். செலவு மொத்தமும் கம்பெனி. லீவுக்கும் சம்பளம் உண்டு."

"டெய்லருங்களுக்குங்க சார்?" என்றாள் துளசிமணி.

"என்னம்மா?"

"நாளெல்லாம் ஊசிக்கு நூல் கோத்து மொதல்ல கண்ணு போறது அவங்களுக்குத்தானுங்களே. அவங்களுக்கு இல்லீங்களா?"

வித்யாசாகரின் பேனா குலுங்குவது நின்றது. "அது அடுத்த ஃபேஸ்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்த ஃபேஸ், அதாவது அடுத்த கட்டம், என்று கம்பெனி சொன்ன எதுவும் அதுவரை வந்ததில்லை.

திருப்பூரில் இந்த மாதிரி பனியன் கம்பெனிகளில் தைத்து முடித்த சட்டையெல்லாம் கடைசியில் செக்கிங் டேபிளுக்கு வரும். எண்ணெய்க் கறை, ஊசி ஓட்டை, விட்டுப்போன தையல் என்று எந்தக் குறை இருந்தாலும் அங்கே பிடித்துவிட வேண்டும். கப்பல் ஏறிய பிறகு, சரக்கை வாங்குகிற வெளிநாட்டு பையர் பிடித்தால் மொத்த ஆர்டரும் திரும்பி வரும். துளசிமணி அந்த டேபிளில் நின்று தேய்ந்தவள். அவளுக்குப் பக்கத்தில் நிற்பவள் சுகுணா. கெட்டிக்காரி. அவளும் கண்ணாடிக்காரிதான். மற்றவர்கள் சட்டையைத் திருப்பிக்கொண்டிருக்கும்போதே சுகுணா குறையைப் பிடித்து ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாள்.

அவளிடம் ஒரே ஒரு பழக்கம் சூப்பர்வைசருக்கு ஆகாது. நாலைந்து சட்டைக்கு ஒரு தடவை தலையைத் தூக்கி இடதுபக்கம் பார்ப்பாள். அங்கே கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் குழந்தைகள் காப்பகம் இருந்தது. கம்பெனியில் அதைப் பாப்பா ரூம் என்பார்கள். சுகுணாவின் மகள் நிவிக்கு அப்போது மூன்று வயது. கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்து, கோயில் கோயிலாக அலைந்து, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கிப் பெற்ற பிள்ளை. நிவி அங்கே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலின் மேல் ஏறி ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு நிற்பாள். அவள் முகம் தெரிந்தால் சுகுணாவின் தலை உடனே சட்டைக்குத் திரும்பிவிடும். தெரியாவிட்டால் தெரிகிறவரை திரும்பாது.

"இந்தப் பாப்பா ரூமைத் தூக்கி மாடிக்குக் கொண்டுபோனாத்தான் நீ வேலை பார்ப்பே" என்று சூப்பர்வைசர் கத்துவார். வேலையில் குறை சொல்ல முடியாததால் கத்தலோடு விட்டுவிடுவார்.

*

துளசிமணிக்கு ஆபரேஷன் மேல் ஆசை இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கொள்ளை ஆசை. ஐந்தாவது படிக்கும்போது மூக்கில் ஏறிய கண்ணாடி அது. பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயரே சோடாபுட்டிதான். பெண் பார்க்க வந்த அன்று, கண்ணாடியோடு போனால் காரியம் கெட்டுவிடும் என்று அம்மா அதைப் பிடுங்கி அரிசி டின்னில் போட்டுவிட்டாள். துளசிமணி மங்கலாகத் தெரிந்த உருவங்களில் வெள்ளை வேட்டியாகப் பார்த்து, வெட்கத்தோடு முதல் காபியை நீட்டினாள். அவர் கல்யாணத் தரகர். அறுபது வயது. மாப்பிள்ளை திருமூர்த்தி பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் அவளுக்கு அவனைப் பிடித்தது. முகத்தைப் பார்த்தது நிச்சயத்துக்குப் பிறகு.

காலையில் எழுந்ததும் தலையணைக்குப் பக்கத்தில் கையால் துழாவாமல், சும்மா கண்ணைத் திறந்து உலகத்தைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை. மழை பெய்யும்போது மழையைப் பார்க்க வேண்டும், கண்ணாடியில் வழியும் தண்ணீரை அல்ல.

"அப்புறம் என்ன யோசனை?" என்றான் திருமூர்த்தி. சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவன். அவனுக்கு எதையும் வளைத்து யோசிக்கத் தெரியாது. "ஓசியில வர்றதை உதைச்சுத் தள்ளாத புள்ளே."

"ஓசியில குடுக்கறதுக்கு அவங்களுக்கு என்னங்க தலையெழுத்து? கண்ணுக்குள்ள எதையாவது வெச்சு அனுப்பிட்டா?"

"என்னத்தை வெப்பாங்க?"

"அடையாள நம்பரு. இல்லாட்டி கேமரா. இப்பத்தான் எது வேணும்னாலும் பண்றாங்களே."

"உன்ற கண்ணுக்குள்ள கேமரா வெச்சு என்ன பார்ப்பாங்க? நான் சட்னிக்கு உப்பு பத்தலைன்னு சொல்றதையா?"

அவனுக்குச் சிரிப்பு. அவளுக்கு எரிச்சல். ஆனாலும் பரிசோதனைக்குப் போனாள்.

கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரி. டாக்டர் ஷெரின் என்று ஒரு பெண், துளசிமணியின் சந்தேகத்தையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள். கண்ணுக்குள் எதையும் வைப்பதில்லை, கருவிழியின் மேல்பகுதியை லேசரால் இழைத்துச் சரி செய்வதுதான் என்று ஒரு பிளாஸ்டிக் கண்ணைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கினாள்.

"கொஞ்ச நாள் கண்ணு காய்ஞ்ச மாதிரி இருக்கும். சொட்டு மருந்து விடணும். மத்தபடி உங்க கருவிழி நல்ல கனமா இருக்கு, தாராளமா பண்ணலாம். முன்னெல்லாம் உங்க வயசுல பண்ணினா தூரம் தெரியும், கிட்டத்துக்கு வேற கண்ணாடி போடணும். இந்தப் புது லேசர்ல ரெண்டுக்கும் தேவையில்ல."

"நிஜமாலுமே கெடுதல் ஒண்ணுமில்லீங்களா?"

"என் அக்காவுக்கு நானே பண்ணியிருக்கேன்மா."

பொய் சொல்கிற முகமில்லை. துளசிமணி பொய் முகங்களை நிறையப் பார்த்தவள். அவளுக்கு நெஞ்சு லேசாக இளகியது. எழுந்திருக்கும்போது ஏதோ தோன்ற, "கண்ணுக்குள்ள ஒட்டிக்கற லென்ஸு இருக்குதுங்களே, அது போதாதுங்களா?" என்று கேட்டாள்.

"நானும் அதைத்தான் உங்க கம்பெனிக்குச் சொன்னேன். சுலபம், செலவும் கம்மி. அவங்க லென்ஸே கூடாதுன்னுட்டாங்க. கண்ணு மேல எதுவுமே இருக்கக் கூடாதாம். வெறும் கண்ணா இருக்கணுமாம்."

"எதுக்குங்க?"

டாக்டர் தோளைக் குலுக்கினாள். "அதை அவங்களைத்தான் கேக்கணும்."

இளகிய நெஞ்சு அங்கேயே இறுகிவிட்டது. துளசிமணி பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். பல்லடம் தாண்டியும் பிடிபடவில்லை.

*

மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் செய்துகொண்டு வந்தார்கள். கறுப்புக் கண்ணாடியோடு சில நாள், சொட்டு மருந்தோடு சில நாள், பிறகு பளிச்சென்று. சுகுணா வந்து துளசிமணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, பாப்பாவுக்குக் காது மடல்ல சின்னதா ஒரு மச்சம் இருக்குதுக்கா! இத்தனை நாளா எனக்குத் தெரியவேயில்ல. பெத்தவ நான், எனக்கே தெரியல." சொல்லும்போதே அழுதுவிட்டாள். "இங்கிருந்து பார்த்தா ஜன்னல்ல அவ பல்லு கூடத் தெரியுது. நீங்களும் போங்கக்கா."

ஊரில் எல்லோருக்கும் நல்லதாக நடக்கும்போது ஒருத்தி மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று துளசிமணிக்குத்தான் தெரியும். கண்ணும் கெடவில்லை, தலைவலியும் இல்லை, நம்பரும் இல்லை. அவள் தனக்குள்ளேயே, பொறாமையில்தான் இப்படிச் சந்தேகப்படுகிறோமோ என்று கூட நினைத்துப் பார்த்தாள்.

அந்தச் சமயத்தில்தான் பிரணவ் வந்தான். பெங்களூரில் வேலை பார்க்கும் பையன், சொந்த ஊர் ஈரோட்டுப் பக்கம். டேபிள்களுக்கு மேலே புதிதாக மாட்டியிருந்த சின்னச் சின்னக் கேமராக்களைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. வெளிச்சம் போதுமா என்று அளக்கிற கேமரா என்று மேனேஜர் சொல்லியிருந்தார். பிரணவ் எல்லா டேபிளிலும் சிரித்துக்கொண்டே போவான், துளசிமணியிடம் வந்ததும் முகம் சுருங்கும்.

"அக்கா, ஒரு ரெண்டு நிமிஷம் கண்ணாடியைக் கழட்டிட்டு செக் பண்ண முடியுமா?"

"கழட்டினா சட்டையே தெரியாது தம்பி. சட்டை போட்டிருக்கற ஆளே தெரியாது."

"உங்க கண்ணாடியில டியூப்லைட் அடிச்சு ரெண்டு வெள்ளைக் கோடுதான் கேமராவுல விழுது. உங்க கண்ணு எனக்குக் கிடைக்கவே மாட்டேங்குது."

துளசிமணி கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தாள்.

"வெளிச்சம் பார்க்கற கேமராவுக்கு என்ற கண்ணு எதுக்குங்க தம்பி?"

பிரணவுக்கு ஒளிக்கத் தெரியவில்லை, அல்லது ஒளிக்க வேண்டிய விஷயமென்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. தான் செய்கிற வேலையின் மேல் அவனுக்கு அத்தனை பெருமை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னான்.

"துணியில தப்பு கண்டுபிடிக்கிற மெஷின் ஏற்கெனவே இருக்குக்கா. ஆனா மட்டமா பண்ணும். ஏன்னா அது சட்டை முழுக்க ஒரே மாதிரி பார்க்கும். நீங்க அப்படிப் பார்க்கறதில்ல. முதல்ல அக்குள் தையல், அப்புறம் காலர், அப்புறம் என்னமோ தோணி கீழ் மடிப்பு. எங்க பார்க்கணும், எவ்வளவு நேரம் பார்க்கணும், எங்க திரும்பிப் பார்க்கணும்னு உங்க கண்ணுக்குத் தெரியும். உங்களைக் கேட்டா உங்களுக்கே சொல்லத் தெரியாது, இல்லையா? அதனால கண்ணு போற பாதையை அப்படியே எடுத்து மெஷினுக்குக் குடுக்கறோம். சுகுணா அக்காவோட பார்வை இருக்கே, சூப்பர்! அதை வெச்சுத்தான் மெயினா பண்றோம்."

"கண்ணாடி இருந்தா எடுக்க முடியாது."

"கண்ணாடி, லென்ஸ், எது இருந்தாலும் கஷ்டம்."

"அதுக்குத்தான் ஓசி ஆபரேஷன்."

பிரணவ் தலையாட்டினான். பிறகுதான் அவள் குரலைக் கவனித்தான் போலிருக்கிறது. "உங்க கண்ணுக்கும் நல்லதுதானேக்கா" என்றான் மெதுவாக.

அவள் இத்தனை நாளாகக் கண்ணுக்குள் எதையோ வைக்கப்போகிறார்கள் என்று காவல் காத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் எடுத்துக்கொண்டு போவதற்கல்லவா வந்திருக்கிறார்கள்! தன் சந்தேகம் சரியாகப் போனதில் சந்தோஷப்படுவதா, இத்தனை சந்தேகப்பட்டும் வேறு திசையில் பார்த்துக்கொண்டிருந்ததற்குத் தலையில் அடித்துக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

சாப்பாட்டு வேளையில் சுகுணாவிடம் சொன்னாள். சுகுணா தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே சிரித்தாள்.

"நான் பார்க்கறதை அது பார்த்தா பார்த்துட்டுப் போகட்டும். எனக்கென்ன தேஞ்சா போச்சு?"

"மெஷினு கத்துக்கிட்ட பொறகு நீ எதுக்கு அவங்களுக்கு?"

"அக்கா, உங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம். பன்னை நிறுத்தினப்பவும் கம்பெனியை மூடப்போறாங்கன்னீங்க. மூடினாங்களா?"

துளசிமணி, அதற்கு மேல் பேசினால் சண்டைதான் வரும் என்று டிபன் பாக்ஸை மூடினாள்.

*

மெஷின் வந்தது. சுகுணா நிற்கும் டேபிளுக்கு எதிர்த்தாற்போல் வைத்தார்கள். இரண்டு கை, நீளமாக ஒரு கழுத்து, கழுத்தின் நுனியில் இரண்டு கேமரா. முதலில் தப்புத் தப்பாகப் பிடித்தது. பெண்களெல்லாம் கேலி செய்தார்கள். நாளாக நாளாகக் கேலி குறைந்தது. சட்டையை எடுக்கும், அக்குளைப் பார்க்கும், காலரைப் பார்க்கும், போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கும். நாலைந்து சட்டைக்கு ஒரு தடவை கழுத்தைத் தூக்கி இடதுபக்கம் திரும்பிவிட்டு வரும்.

துளசிமணி கையிலிருந்த சட்டையைப் பாதியில் வைத்துவிட்டு அதையே பார்த்தாள். சுகுணாவும் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டு வேலையைத் தொடர்ந்தாள்.

"அது ஏன் அங்க திரும்புது?" என்று வித்யாசாகர் ஒரு நாள் கேட்டார்.

"தெரியல சார்" என்றான் பிரணவ். "ஏதோ பழக்கம் ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. வெட்டி எடுத்துப் பார்த்தேன். எடுத்துட்டா தப்பு நிறைய விடுது. அந்த ஒரு திரும்பல் இருந்தாத்தான் அடுத்த சட்டையை ஒழுங்கா பார்க்குது. இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

மழைக்காலத்தில் ஆர்டர் குறைவு என்று சொல்லி, ஒரு சனிக்கிழமை, கண் சரியான பெண்களையெல்லாம் கூப்பிட்டுக் கணக்கை முடித்தார்கள். சுகுணாவும் போனாள். நிவியை இடுப்பில் வைத்துக்கொண்டு, பாப்பா ரூமில் இருந்த பிளாஸ்டிக் டம்ளரையும் துண்டையும் பையில் போட்டுக்கொண்டு போனாள். துளசிமணியைத் திரும்பிப் பார்த்தாள். சண்டைக்கோ சமாதானத்துக்கோ அந்தப் பார்வையில் ஒன்றுமில்லை.

துளசிமணியை மட்டும் வேலையில் வைத்துக்கொண்டார்கள். வித்யாசாகர் ரூமுக்குக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, காபி வரவழைத்தார். காபியைப் பார்த்ததும் அவள் நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

"மங்கலான எண்ணெய்க் கறை சிலது மெஷினுக்குப் பிடிபடலைம்மா. நீங்க பிடிக்கிறீங்க. உங்க கண்ணு மட்டும்தான் பாக்கி. புதன்கிழமைக்கு ஆஸ்பத்திரியில தேதி வாங்கியாச்சு. இல்லேன்னா..." அவர் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். பிசிர் வெட்டுகிற பகுதி. தொங்கும் நூலைக் கத்திரியால் வெட்டிக்கொண்டே நாள் முழுக்கக் குனிந்திருக்க வேண்டும். செக்கிங்கிலிருந்து அங்கே போவது பெரிய இறக்கம். "இல்லேன்னா அங்கதான்."

"கண்ணு பண்ணின பொறகு எத்தனை நாளுக்குங்க சார் எனக்கு இங்க?"

"என்னம்மா இப்படிக் கேக்கறீங்க? நீங்க நம்ம குடும்பம்."

குடும்பம் என்ற வார்த்தையைக் கேட்டதும் மிச்சமிருந்த நம்பிக்கையும் போய்விட்டது. ஆனாலும் அவள் சரி என்றாள். பயத்தில் சொன்னாளா, ஆசையில் சொன்னாளா என்று பிரித்துச் சொல்ல முடியாது. வீட்டுக்குப் போய்த் திருமூர்த்தியிடம் சொன்னபோது, எப்படியும் போகிற வேலை, கண்ணாவது மிஞ்சட்டுமே என்றான். வளைத்து யோசிக்கத் தெரியாதவன் சொன்னதில் தப்பும் இல்லை.

*

திங்கட்கிழமை முழுக்க மெஷினை ஓட்டாமல் துடைத்து வைத்தார்கள். செவ்வாய்க்கிழமை பையர் வந்தார்கள். இரண்டு வெள்ளைக்காரர்கள், கூட ஒரு மொழிபெயர்ப்பாளர். மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் எல்லாம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, ஓடவிட்டார்கள்.

முதலில் நன்றாகத்தான் ஓடியது. சட்டைகள் பறந்தன. கழுத்தைத் தூக்கி இடதுபக்கம் திரும்பியது. திரும்பிய தலை கொஞ்சம் தாமதமாகச் சட்டைக்கு வந்தது. இன்னும் சில சட்டை. மறுபடியும் திரும்பியது. இந்தத் தடவை இன்னும் தாமதம். ஜன்னலின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் கேமராக்கள் நகர்ந்தன, மறுபடியும் முதல் மூலைக்கு வந்தன. வித்யாசாகர் சிரித்துக்கொண்டே கைக்குட்டையை எடுத்தார். மூன்றாவது தடவை அங்கே போன தலை சட்டைக்குத் திரும்பவே இல்லை. சட்டைகள் நகர்ந்து வரும் பெல்ட்டில் அவை குவிந்து தரையில் சரிந்தன. இரண்டு கையிலும் ஒரு சட்டையை விரித்துப் பிடித்தபடி மெஷின் பாப்பா ரூமையே பார்த்துக்கொண்டு நின்றது.

"என்னடா ஆச்சு?" என்றார் வித்யாசாகர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"கோளாறு இல்ல சார்." பிரணவின் விரல்கள் கம்ப்யூட்டரில் ஓடின. "எல்லாம் வேலை செய்யுது. அது எதையோ தேடுது."

"எதைத் தேடுது?"

"தெரியல சார்."

ஜன்னலுக்குப் பின்னால் வேறு பெண்களின் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தன. பிளாஸ்டிக் ஸ்டூல் காலியாக இருந்தது. அந்தத் தலை திரும்பியிருந்த விதம், கழுத்தை லேசாக நீட்டி, ஒரு பக்கமாகச் சாய்த்து... துளசிமணியால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. கம்பெனியிடம் கேள்வியைத் தவிர வேறெதையும் கொடுத்தறியாத வாய் அது. அன்றைக்குத் திறந்துகொண்டது.

"அது நிவியைத் தேடுதுங்க சார். சுகுணாவோட பாப்பா. பாப்பா மூஞ்சி தெரியாம சுகுணா தலையைத் திருப்ப மாட்டா. இதுவும் திருப்பாது."

எல்லோரும் ஸ்டூலைப் பார்த்தார்கள். மொழிபெயர்ப்பாளர் மொழிபெயர்க்கவில்லை. பிரணவ் முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டான். வித்யாசாகர் மட்டும் துளசிமணியை உற்றுப் பார்த்தார். அவர் முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் வந்தது. அதைக் கண்டதும்தான் தான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது.

அன்று சாயங்காலம் அவர் அவளைக் கடந்து போகும்போது சொன்னார்: "நாளைக்கு ஆஸ்பத்திரி வேண்டாம்மா. கேன்சல் பண்ணியாச்சு. இன்னொருத்தர் பழக்கமும் மெஷின்ல ஒட்டிக்கிட்டா தாங்காது. அந்த எண்ணெய்க் கறைக்கு நீங்களே கடைசியா ஒரு பார்வை பார்த்துக்குங்க. கண்ணாடியோடயே இருங்க, பரவாயில்ல."

*

சுகுணாவின் வீட்டுக்குத் துளசிமணி போய்ச் சேருவதற்குள் கம்பெனி ஜீப் வந்துவிட்டுப் போயிருந்தது. நிவி புது பொம்மையைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"பாப்பாவை தினமும் பாப்பா ரூம்ல விடச் சொல்றாங்கக்கா" என்றாள் சுகுணா. "பாலு, முட்டை, சாப்பாடு, எல்லாம் ஓசி. ஸ்கூல் சேர்க்கறவரைக்கும் அவங்க பொறுப்பாம். எனக்கு வேலம்பாளையத்துல வேற கம்பெனியில வேலை கிடைச்சிருக்குது. அங்க பாப்பா ரூம் கிடையாது. என்ன பண்றதுன்னு முழிச்சுக்கிட்டிருந்தேன்."

"ஓசியில எதுக்குத் தர்றாங்கன்னு கேட்டியா?"

"கேட்கலை."

துளசிமணி சொன்னாள். ஒன்றையும் மறைக்காமல், தன் வாயிலிருந்து வந்ததையும் சேர்த்து. சொல்லிவிட்டு, சுகுணா கத்துவாள், கையில் கிடைத்ததை எடுத்து எறிவாள் என்று காத்திருந்தாள். சுகுணா குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் புதுக் கண்ணால், ரொம்ப நேரம், காது மடல்வரைக்கும் பார்த்தாள்.

"நான் பார்க்கற மாதிரியே பார்க்குதுங்களாக்கா?" என்று கேட்டாள்.

"அதே மாதிரி கண்ணு."

"பாப்பா தெரியலைன்னா விடாம தேடுச்சுங்களா?"

"விடாம தேடுச்சு."

சுகுணா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாப்பா ரூம் ஆயா போனைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருப்பா. இந்த மெஷினு அவளைவிடப் பரவாயில்லக்கா. விட்டுட்டுத்தான் நான் வேலைக்குப் போகோணும்." துளசிமணி வாயைத் திறக்கப் போனாள். சுகுணா கையைக் காட்டி நிறுத்தினாள். "சந்தேகப்படறதுக்கும் கொஞ்சம் வசதி வேணும்க்கா. எனக்கு அது இல்ல."

பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது துளசிமணிக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்தது. இரக்கப்பட்டுத்தான் அதைச் சொன்னாளா? புதன்கிழமை ஆபரேஷன் என்பது அந்த நொடியில் மனசின் மூலையில் இருந்ததா இல்லையா? ஊரையே உற்றுப் பார்த்துக் குறை பிடிக்கிறவளுக்கு இது மட்டும் பிடிபடவில்லை.

*

இப்போது மெஷின் நன்றாக ஓடுகிறது. ஷிப்மென்ட் நேரத்துக்குப் போகிறது. டாக்டர் ஷெரின் ஒருமுறை போன் செய்து, கம்பெனி இல்லாவிட்டால் என்ன, எப்போது வேண்டுமானாலும் வாருங்கள் என்றாள். துளசிமணி, பார்க்கலாம் மேடம் என்று வைத்துவிட்டாள். கண்ணாடி மூக்கிலேயே இருக்கிறது. திருமூர்த்தி இப்போதெல்லாம் அதைப் பற்றிக் கேட்பதில்லை.

அயர்ன் செய்யும் இடத்திலிருந்து ஆவி அடித்து, ஒரு நாள் கண்ணாடி முழுக்கப் பனி படர்ந்துவிட்டது. கழற்றி முந்தானையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே நிமிர்ந்தாள். ஹால் முழுக்க மங்கலாக இருந்தது. எதிர் டேபிளில் ஓர் உருவம் சட்டையின் மேல் குனிந்திருந்தது. வேகமாக, ஒரு பிசகு இல்லாமல், அக்குளைப் பார்த்தது, காலரைப் பார்த்தது. பிறகு தலையைத் தூக்கி இடதுபக்கம் திரும்பியது. அங்கே ஜன்னலில் சின்னதாக ஒரு நிறம் அசைந்தது. நிவி கையை ஆட்டுகிறாள் போலிருந்தது. உருவம் ஒரு கணம் அப்படியே நின்று, திருப்தியோடு மறுபடி சட்டைக்குக் குனிந்தது.

"சுகுணா" என்று துளசிமணியின் வாயில் வந்துவிட்டது.

கண்ணாடி துடைத்தாகிவிட்டது. அதை எடுத்துப் போட்டுக்கொள்ள அவளுக்கு ரொம்ப நேரம் ஆயிற்று.